பிரெஞ்சு வினை ஈற்றில் இ-என்-டி: எழுத்தில் அசை, பேச்சில் மௌனம்

வணக்கம். 'அவர்கள் பேசுகிறார்கள்' என்பதை 'இல் பார்-லான்' என்று படித்தது ஏன் தப்பு என்று கேட்டிருந்தீர்கள். எழுத்துப்படி பிரித்தால் அந்த வினைக்கு இரண்டு அசைதான். ஆனால் பேச்சில் கடைசி இ-என்-டி மூன்றும் மௌனம். 'இல் பார்ல்', அவ்வளவுதான். நிகழ்காலத்தில் நான், நீ, அவன் எல்லோருக்கும் அதே ஓரசை 'பார்ல்'. நாம், நீங்கள் என்று வரும்போதுதான் இரண்டாவது அசை கேட்கும்: பார்-லோன், பார்-லே.

இந்த மௌனம் வினைக்கு உரியது. பெயர்ச்சொல்லில் அதே மூன்று எழுத்துகள் மூக்கொலியாகிவிடும். பிரெஞ்சு பேசுகிறவர்களே ரசித்துச் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: 'லே பூல் டியூ கூவான் கூவ்', அதாவது மடத்துக் கோழிகள் அடைகாக்கின்றன. மடத்துக்கும் அடைகாப்பதற்கும் எழுத்துக்கூட்டல் ஒன்றேதான்! மடம் 'கூ-வான்', வினை 'கூவ்'. இதைப் பத்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், விதி தானாகப் பதியும்.

அப்புறம், உயிரொலியில் தொடங்கும் வினைகளைக் கவனியுங்கள். 'அவன் நேசிக்கிறான்' என்பது இ-லெம். 'அவர்கள் நேசிக்கிறார்கள்' என்பது இல்-ஸெம். அந்த 'ஸ்' வண்டு ரீங்கரிப்பதுபோல அதிர வேண்டும். ஒருமையா பன்மையா என்று கேட்பவருக்குக் காட்டிக்கொடுப்பது அது ஒன்றுதான்.