தினமும் தண்ணீர் ஊற்றியும் ஜேட், கற்றாழை, எச்சிவேரியா வாடுகின்றன, காப்பாற்ற முடியுமா?

தடித்த இலையில் தண்ணீரைச் சேர்த்துவைக்கும் இந்த மூன்று செடிகளையும் சென்னையில் மொட்டை மாடியில் வைத்திருக்கிறீர்கள், தினமும் தண்ணீர் ஊற்றுகிறீர்கள், ஆனாலும் இலை சுருங்கிக்கொண்டே போகிறது என்கிறீர்கள். அநேகமாக ஊற்றுவதால்தான் சுருங்குகிறது. முதலில் அதை நிறுத்துங்கள். உரம், வைட்டமின் கரைசல், பஞ்சகவ்யம் எதுவும் இப்போது வேண்டாம், வேர் இல்லாத செடிக்கு உரம் போட்டால் அது சீக்கிரம் போய்ச் சேரும், அவ்வளவுதான்.

சுருங்கிய இலையைப் பார்த்தால் தாகம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் வேர் அழுகினாலும் இலை சுருங்கும், ஏனென்றால் மண்ணில் எவ்வளவு ஈரம் இருந்தாலும் அதை உறிஞ்சிக் கொடுக்க ஆள் இல்லை. அதனால் மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். இரண்டு அங்குல ஆழத்திலும் காய்ந்திருக்கிறது, அடி இலைகள் சருகாகியிருக்கின்றன என்றால் நிஜமான தாகம். தொட்டியின் அடியில் ஒழுகும்வரை ஒரு தடவை ஊற்றினால் சில நாட்களில் இலை தடித்துவிடும். மண் ஈரமாக இருக்கும்போதே சுருங்கினால், அல்லது இலை மஞ்சளாகி நீர் கோத்து, தொட்டதும் கழன்று விழுந்தால் வேரில்தான் பிரச்சினை.

அப்படியென்றால் யோசிக்காமல் செடியைத் தொட்டியிலிருந்து வெளியே எடுங்கள். நர்சரி மண் முழுவதையும் உதிர்த்துவிட்டு வேரை அலசிப் பாருங்கள். நல்ல வேர் வெளிர் நிறத்தில் விறைப்பாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பாகவோ கறுப்பாகவோ கொழகொழவென்று இருக்கும், இழுத்தால் மேல்தோல் மட்டும் கையோடு வந்து உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு நிற்கும். அவற்றை எல்லாம் வெட்டிவிடுங்கள். மெடிக்கலில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் கத்தியைத் துடைத்துவிட்டு வெட்டுங்கள், ஒவ்வொரு வெட்டுக்கும் இடையிலும் துடையுங்கள். அழுகல் தண்டுக்குள் ஏறியிருந்தால் கீழிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கிக்கொண்டே போக வேண்டும். வெட்டிய முகத்தில் ஒரு பழுப்பு வளையமோ புள்ளியோ தெரிந்தாலும் இன்னும் முடியவில்லை என்று பொருள், சுத்தமான பச்சையோ வெள்ளையோ தெரியும்வரை நறுக்குங்கள். பாவம் பார்த்துப் பாதியில் விட்டால் அதே அழுகல் மறுபடியும் மேலே ஏறும்.

வெட்டுவாயில் சாஃப் பூஞ்சைக்கொல்லிப் பொடியைத் தடவி, வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் வெறுமனே போட்டுவையுங்கள். காயம் காய்ந்து தோல் கட்ட நான்கைந்து நாள் ஆகும், ஜேட்டின் தடித்த தண்டாக இருந்தால் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். மண் இல்லாமல் கிடக்கிறதே என்று பயப்படாதீர்கள், அதற்கு வேண்டிய தண்ணீர் இலையிலேயே இருக்கிறது. அப்புறம் காய்ந்த கலவையில் நட்டு, ஒரு வாரம் கழித்துத்தான் முதல் தண்ணீர். இந்த நாட்களில்தான் பலருக்குக் கை சும்மா இருக்காது.

கலவை விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதமாகவே சொல்கிறேன், கோகோபீட் எனும் தேங்காய் நார்த்தூளைத் தவிர்த்துவிடுங்கள். மழைக்காலத்தில் நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், எலும்பாகக் காய்ந்துவிட்டாலோ ஊற்றும் தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓரமாக வழிந்து போகும். பாதிக்குப் பாதி கரடுமுரடான பொருள் வேண்டும்: சலித்துத் தூசி நீக்கிய எம் சாண்ட், உடைத்த செங்கல் துண்டு, பெர்லைட் (எடையில்லாத வெள்ளைக் கல் துகள்) எது கிடைக்கிறதோ அது. மீதியில் பெரும்பங்கு செம்மண், ஒரு கைப்பிடி மண்புழு உரம், போதும். தொட்டியின் அடியில் கூழாங்கல் அடுக்கினால் தண்ணீர் வடியும் என்று எல்லோரும் சொல்வார்கள், வடியாது, ஈரம் தேங்கும் மட்டம் கல்லுக்கு மேலே வேருக்குப் பக்கத்தில் வந்துவிடும், அவ்வளவுதான். ஓட்டை இல்லாத அழகுப் பீங்கான் கிண்ணத்தைப் பேனா போட வைத்துக்கொள்ளுங்கள். செடிக்கு மண் தொட்டி.

இனி எச்சிவேரியா. இதில் ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மெக்சிகோவின் மேட்டு நிலங்களைச் சேர்ந்த செடி அது. இந்த வகைச் செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறந்து காற்றை எடுக்கும், அதற்குக் குளிர்ந்த இரவு வேண்டும். மே மாதச் சென்னையில் இரவிலும் புழுக்கம் விடாது, அதன் மேல் ஈர மண்ணும் சேர்ந்தால் நடுவிலிருந்தே கரைந்துவிடும். ஊட்டியிலும் பெங்களூரிலும் கொழுகொழுவென்று இருப்பதைப் பார்த்து வாங்கிவந்துவிடுகிறோம். உங்களுடையதில் உறுதியான இலைகள் நான்கு மிஞ்சியிருந்தால் அடியோடு சேர்த்துக் கழற்றி, காய்ந்த மண்ணின் மேல் படுக்கவையுங்கள், வேர் விட்டால் நல்லது. அதன் இடத்தில் போர்ட்டுலகேரியாவோ, நிழலான ஜன்னலோரமாக இருந்தால் ஹவொர்த்தியாவோ வையுங்கள். இரண்டும் தென்னாப்பிரிக்கப் பக்கத்துச் செடிகள், நம் வெக்கையை எச்சிவேரியாவை விட நன்றாகவே தாங்குகின்றன.

கற்றாழைக்கு வேறு கணக்கு. அதன் இலையை நட்டால் வேர் வராது, அழுகத்தான் செய்யும், எத்தனை வீடியோவில் காட்டினாலும் சரி. தாய்ச்செடி போய்விட்டாலும் பக்கக்கன்று இருக்கிறதா என்று மண்ணைக் கிளறிப் பாருங்கள், வேரோடு ஒரு கன்று கிடைத்தால் போதும். வெயிலில் இலை சிவந்தால் அது நோய் இல்லை, ஆனால் வெளிறிய திட்டு விழுந்து காய்ந்தால் வெயில் சுட்டுவிட்டது, அந்தத் தழும்பு மாறாது. நர்சரியில் பச்சை வலைக்குக் கீழே வளர்ந்ததை நேராக மாடி வெயிலில் வைத்தால் அப்படித்தான் ஆகும், பத்துப் பதினைந்து நாள் காலை வெயில் மட்டும் காட்டிப் பழக்க வேண்டும்.

வேரை அலசும்போது வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. இலை இடுக்கிலும் பாருங்கள், தொட்டியைச் சுற்றி எறும்பு ஓடினால் அநேகமாக இருக்கும். காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஸ்பிரிட்டைத் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்தெடுங்கள். வேப்பெண்ணெய் அடிப்பதானால் சாயங்காலம் அடியுங்கள், எண்ணெய் பட்ட இலை வெயிலில் வெந்துவிடும்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் எல்லாத் தொட்டிகளையும் சன்ஷேடுக்குக் கீழே நகர்த்திவிடுங்கள், டிசம்பர்வரை அங்கேயே இருக்கட்டும். ஜேட்டின் தண்டு உறுதியாக இருந்தால் அது பெரும்பாலும் பிழைத்துவிடும், இலை மொத்தமும் உதிர்ந்தாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.