மறு: புதிய துறைத்தலைவர் வந்தபின் கற்பிக்கவே மனமில்லை

கேட்காமலே பாடவேளைகளை மாற்றுகிறார், படிவ வேலைகளையும் தலையில் கட்டுகிறார், எனக்குத்தான் திறமை போதவில்லையோ என்று எழுதியிருந்தீர்கள். இல்லவே இல்லை, நண்பரே.

மேற்பார்வையும் நிர்வாக விதிகளும் மோசமானால் அதிருப்தி பெருகும். ஊக்கம் தருபவை சாதனை, அங்கீகாரம், பொறுப்பு, பணியின் சுவை என்று அமெரிக்க உளவியலாளர் பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959இலேயே விளக்கினார். உங்களுக்கு இரண்டு பக்கமும் அடி விழுந்திருக்கிறது. எதை, எப்படிக் கற்பிப்பது என்று தானே தீர்மானிக்கும் சுதந்திரம்தான் விரிவுரையாளரின் உயிர்நாடி. அது போனால் யாருக்கும் வகுப்பு கசக்கும்.

ராஜினாமா எழுத அவசரப்படாதீர்கள். ஒரு வாரம் படிவ வேலை விழுங்கும் நேரத்தைக் குறித்து, அந்தக் கணக்குடன் அவரைச் சந்தியுங்கள். ‘மனம் சோர்ந்துவிட்டது’ என்பதைவிட ‘விடைத்தாள் திருத்த நேரமில்லை’ என்பது காதில் ஏறும். அடுத்த பருவ அட்டவணை முடிவாகும் முன்பே பேசிவிடுங்கள்.