காட்டில் பிடித்த கார்டினல் டெட்ராவை வாங்கலாமா?

"வீட்டு மீன்தொட்டிக்குக் கார்டினல் டெட்ரா என்ற சின்ன அலங்கார மீன் வாங்கப் போனேன். அமேசான் காட்டு ஆற்றிலிருந்து பிடித்து வந்த மீன் என்று கடைக்காரர் சொன்னதும் மனசு கேட்கவில்லை, திரும்பி வந்துவிட்டேன். பண்ணை மீன் வாங்குவதுதானே நல்லது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்த ஒரு மீனுக்கு என் பதில், தாராளமாக வாங்குங்கள் என்பதுதான்.

பிரேசிலில், அமேசானின் துணையாறான ரியோ நெக்ரோ ஆற்றங்கரையில் பார்செலோஸ் என்று ஓர் ஊர். அங்கே பியாபெய்ரோ என்று அழைக்கப்படும் மீனவர்கள் சிறு படகில் காட்டு ஓடைகளுக்குள் போய், கைவலையாலும் சின்னப் பொறிகளாலும் இந்த மீனைப் பிடிக்கிறார்கள். நல்ல காலத்தில் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி மீன்கள் அங்கிருந்து போயின. இவ்வளவு பிடித்தும் இனம் அழியவில்லையே, எப்படி? மழைக்காலத்தில் ஆறு பல மீட்டர் உயர்ந்து காட்டுக்குள்ளேயே புகுந்துவிடும், மீன்கள் அந்த மரங்களுக்கு நடுவே ஏராளமாகப் பெருகும், அப்புறம் தண்ணீர் வடியும்போது குட்டைகளில் சிக்கி ஏகப்பட்டவை தானாகவே செத்துப்போகும். காட்டில் இதன் ஆயுளே பெரும்பாலும் ஒரு வருடம்தான். ஆக, காடு நின்றால்தான் மீன், மீன் விற்றால்தான் அந்தக் குடும்பங்களுக்குச் சோறு. அந்த வருமானம் நின்றால் மரம் வெட்டவோ, தங்கம் தோண்டவோ, மாடு மேய்க்கக் காட்டைத் திருத்தவோதான் போக வேண்டியிருக்கும். 1989-இல் தொடங்கிய 'புராஜெக்ட் பியாபா' என்ற பாதுகாப்புத் திட்டம் இதைத்தான் சொல்லி வருகிறது: ஒரு மீன் வாங்கு, ஒரு மரத்தைக் காப்பாற்று. 2014-இல் ரியோ நெக்ரோ அலங்கார மீன்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனாலும் ஆசியப் பண்ணைகளில் இதே மீனை வளர்க்க ஆரம்பித்த பிறகு பார்செலோஸின் வியாபாரம் இளைத்துவிட்டது, எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம்.

அதற்காகக் காட்டு மீன் எல்லாமே நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் 'மிஸ் கேரளா' சில ஆறுகளில் மட்டுமே இருக்கிற மீன். அளவில்லாமல் பிடித்துப் பிடித்தே அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது. அதைப் பண்ணையில் வளர்த்ததாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

எனவே கடையில் எந்த நாடு, எந்த ஆறு, பிடித்ததா வளர்த்ததா என்று கேளுங்கள். சொல்லத் தெரியாத கடையில் நான் வாங்க மாட்டேன். பக்கவாட்டுச் சிவப்புக் கோடு உடல் முழுக்க ஓடினால்தான் கார்டினல். பாதியில் தொடங்கினால் அது நியான் டெட்ரா என்ற வேறு மீன், கடைகளில் வரும் நியான் அநேகமாகப் பண்ணை மீன்தான்.

சரி, வாங்கிய பிறகு? ரியோ நெக்ரோ தண்ணீர் உப்பே இல்லாத, புளிப்பான, தேநீர் நிறத் தண்ணீர். நம் போர்வெல் தண்ணீரில் அப்படியே விட்டால் தாங்காது. ஆர்ஓ தண்ணீர் பெரும்பங்கு கலந்து, காய்ந்த நாட்டு வாதுமை (நம்மூர் பாதாம் மரம்) இலை இரண்டு போடுங்கள். வந்த மீனைத் தனித்தொட்டியில் இரண்டு, மூன்று வாரம் வையுங்கள், பயணத்தில் வயிறு ஒட்டிப்போய் வரும், பொடியான தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு நாளில் பலமுறை கொடுங்கள். பத்துக்குக் குறையாமல் கூட்டமாக விடுங்கள்.