அம்புக்குறி எந்தப் பக்கம்? ஃபர்னஸ் ஃபில்டர் கேள்வி-பதில்

அக்டோபர் பிறந்து டொராண்டோ பக்கம் வீடுகளில் ஹீட் போட ஆரம்பித்ததும் எனக்கு ஃபர்னஸ் (காற்றைச் சூடாக்கி வீடெங்கும் அனுப்பும் கருவி) ஃபில்டர் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை வந்தவற்றில் சில.

ஃபில்டர் ஓரத்தில் அம்புக்குறி இருக்கிறது. மேல் நோக்கி வைப்பதா, கீழ் நோக்கியா? (ஸ்கார்பரோ)

இரண்டும் இல்லை, ஃபர்னஸை நோக்கி. வீட்டுக் காற்று ரிட்டர்ன் குழாய் வழியாக இறங்கி, ஃபில்டரைத் தாண்டித்தான் உள்ளே இருக்கும் ஃபேனுக்குப் போகிறது. காற்று போகும் திசையே அம்பின் திசை. நம் பேஸ்மென்ட்களில் பெரும்பாலும் ஒரு பெரிய தகரக் குழாய் ஃபர்னஸுக்குப் பக்கத்தில் இறங்கி, அடிப்பக்கத்தில் உள்ளே நுழையும். அந்த இடத்தில்தான் ஃபில்டர் செருகும் பிளவு இருக்கும். அம்பு குழாய்க்கு முதுகும் ஃபர்னஸுக்கு முகமும் காட்டி நிற்க வேண்டும்.

குழப்பமாக இருந்தால் பழைய ஃபில்டரை உருவிப் பாருங்கள். அதை எந்தப் பக்கமாகப் போட்டிருந்தாலும் சரி, காற்று வந்து மோதிய முகத்தில்தான் சாம்பல் நிறத் தூசி படிந்திருக்கும். அழுக்கு முகத்திலிருந்து சுத்த முகத்தை நோக்கி அம்பு இருந்தால் சரி. கம்பி வலை வைத்த ஃபில்டர் என்றால் வலை ஃபர்னஸ் பக்கம் வரும்; காற்று தள்ளும்போது தாங்கிப் பிடிக்கத்தான் அந்த வலை.

தலைகீழாகப் போட்டதால் வீடு எரிந்துவிடாது. ஆனால் ஃபில்டர் வளைந்து ஓரத்தில் இடைவெளி விழலாம், சீக்கிரம் அடைத்துக்கொள்ளலாம். குழாயின் மேல் மார்க்கரால் ஒரு அம்பு போட்டுவிடுங்கள், அடுத்த முறை யோசிக்க வேண்டியதில்லை. அப்புறம், மாற்றும் முன் தெர்மோஸ்டாட்டை அணைத்து, ஃபேன் நிற்கும்வரை பொறுங்கள். ஓடும்போது உருவினால் உதிரும் தூசி நேரே உள்ளே போகும்.

16×25×1 என்று வாங்கினேன். அளந்தால் கால் அங்குலம் குறைகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. பெரிய எழுத்தில் இருப்பது பெயரளவு. உண்மையில் அது 15¾ × 24¾ × ¾ அளவில்தான் இருக்கும். ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். பிளவுக்குள் நுழைய அந்த இடைவெளி வேண்டும்.

ஆனால் சின்ன ஃபில்டரை வைத்து ஒப்பேற்றாதீர்கள். ஒரு வீட்டில் 16×20ஐச் செருகி, மீதி இடத்தை அட்டைப்பெட்டித் துண்டால் அடைத்திருந்தார்கள். அட்டை சாய்ந்து காற்று அந்த வழியாகப் போயிருக்கிறது. ஃபேன் சக்கரத்தின் ஒவ்வொரு இதழிலும் கம்பளி போலத் தூசி. பிளவுக்கு மூடி இல்லாவிட்டாலும் பேஸ்மென்ட் தூசியை உள்ளே இழுக்கும். ஃபேன் ஓடும்போது ஒரு டிஷ்யூவைப் பிளவருகே பிடித்துப் பாருங்கள், ஒட்டிக்கொண்டால் ஒழுக்கு. காந்த மூடி ஒன்று வாங்கி ஒட்டினால் போதும்.

பிள்ளைக்கு ஆஸ்துமா என்று 1 அங்குல மெர்வ் 13 ஃபில்டர் (மெர்வ் என்பது எவ்வளவு பொடித் தூசி வரை பிடிக்கும் என்று காட்டும் தர எண்) போட்டேன். இப்போது ஹீட் வந்த சில நிமிடங்களில் நின்றுவிடுகிறது. ஃபர்னஸ் பழுதா? (பிராம்ப்டன்)

பழுதாக இருக்காது என்றே நினைக்கிறேன். அதற்கு மூச்சு முட்டுகிறது. போதிய காற்று வராவிட்டால் ஹீட் எக்ஸ்சேஞ்சர் (நெருப்பின் சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கும் உலோகப் பகுதி) தன் சூட்டை இறக்கிவைக்க வழியில்லாமல் கொதிக்கும். எல்லையைத் தாண்டியதும் லிமிட் ஸ்விட்ச் நெருப்பை அணைத்துவிடும், ஃபேன் மட்டும் ஓடும். ஆறியதும் திரும்ப எரியும், திரும்ப அணையும். இதே அடைப்பு கோடையில் ஏசி காயிலில் பனிக்கட்டியாக வந்து நிற்கும்.

மெர்வ் 13, 0.3 முதல் 1 மைக்ரான் வரையுள்ள பொடித் துகள்களில் பாதியையாவது பிடிக்கும். மெர்வ் 8க்கு அந்த அளவில் உத்தரவாதமே இல்லை. 2023 ஜூனில் காட்டுத்தீப் புகை வந்து மூடியபோது பலர் 13க்குப் பாய்ந்ததில் நியாயம் இருந்தது. சிக்கல் எண்ணில் அல்ல, தடிமனில். 4 அங்குல ஃபில்டரில் மடிப்புகள் ஆழம், வடிகட்டும் பரப்பு பல மடங்கு. அதே 13 அங்கே காற்றை இவ்வளவு மறிக்காது.

இன்றைக்கே ஒரு மெர்வ் 8 போட்டுப் பாருங்கள். ஹீட் ஒழுங்காக ஓடினால் காரணம் தெரிந்துவிட்டது. 4 அங்குலப் பெட்டி பொருத்த விலை விசாரியுங்கள். அதுவரை பிள்ளையின் அறையில் தனியாக ஒரு ஹெபா ஏர் ப்யூரிஃபயர் வையுங்கள். மெர்வ் 8க்கும் அடங்காவிட்டால் டீஎஸ்எஸ்ஏ (ஒன்டாரியோவில் கேஸ் வேலைகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் அமைப்பு) பதிவுள்ள கேஸ் டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள், நீங்களே திறக்காதீர்கள்.

பெட்டியில் 3 மாதம் என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?

அதைக் கடைசித் தவணையாக எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு குடும்பம், பேஸ்மென்ட்டில் ஒரு குடும்பம், எந்நேரமும் ஃபேன் என்றால் 1 அங்குல ஃபில்டர் ஒரு மாதத்திலேயே கறுத்துவிடும். மாதம் ஒருமுறை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள், ஒளி வராவிட்டால் மாற்றுங்கள். 4, 5 அங்குலம் என்றால் 6 முதல் 12 மாதம்.

கருவாட்டு வாசம் போக எந்த ஃபில்டர் நல்லது?

சாதாரண ஃபில்டர் எதுவும் உதவாது. அவை தூசி பிடிப்பவை, வாசம் வாயு. புகையை வீட்டுக்கு வெளியே தள்ளும் அடுப்பு ஹூட் இருந்தால் பொரிப்பதற்கு முன்பே போடுங்கள்.

புது வீடு. ஃபில்டரை ஒழுங்காக மாற்றியும் காற்று மந்தமாக இருக்கிறது. (மார்க்கம்)

ஃபர்னஸ் பக்கத்தில் இன்னொரு பெட்டி தொங்குகிறதா? அது எச்ஆர்வி, வெளியே போகும் காற்றின் சூட்டைப் பிடித்து உள்ளே வரும் புதுக் காற்றுக்குக் கொடுக்கும் கருவி. உள்ளே இரண்டு ஃபில்டர் இருக்கும், வீடு வாங்கிய நாளிலிருந்து யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு எடுத்து, வாக்குவம் பிடியுங்கள். கழுவக்கூடிய வகை என்றால் அலசி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். வெளிச்சுவரில் அது காற்று வாங்கும் வாயின் வலையையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். மேப்பிள் இலைத் துணுக்கும் பஞ்சும் அப்பியிருக்கும்.