உள்ளுக்குள் மட்டும் ஓடும் கருவிக்கு என்டர்பிரைஸ் எண் பதிய வேண்டுமா?

"வெளியே போகாத கருவிதானே, எஸ்என்எம்பி மிப்பில் ஏதாவது ஒரு என்டர்பிரைஸ் எண்ணை நாங்களே வைத்துக்கொண்டால் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். எஸ்என்எம்பி என்பது நெட்வொர்க் கருவிகளைத் தூரத்திலிருந்து கண்காணிக்கும் முறை; மிப் என்பது கருவி தரும் ஒவ்வொரு அளவுக்கும் உரிய எண்வரிசையின் பட்டியல்; அந்த வரிசையில் எந்த நிறுவனம் என்று காட்டுவது என்டர்பிரைஸ் எண். வைக்காதீர்கள். வைத்துப் பட்டவன் நான்.

உங்களுடையதும் சின்னக் கம்பெனி, டெலிவரி நெருக்கடி என்றே நினைக்கிறேன். காரைக்குடியிலிருந்து சென்னைக்குப் போன எனக்கு முதல் வேலை, பேட்டரி அறையைக் கண்காணிக்கும் கார்டு. என்டர்பிரைஸ் எண்கள் வரும் 1.3.6.1.4.1 கிளைக்குப் பின்னால் மனதில் வந்த எண்ணைப் போட்டேன். அது வேறொரு நிறுவனத்துக்கு ஒதுக்கிய எண். ஒரு வாடிக்கையாளரிடம் அவர்கள் கருவியும் இருந்தது. மானிட்டரிங் மென்பொருள் எங்கள் கார்டையும் அவர்களுடையது என்றே எடுத்துக்கொண்டது; எங்கள் வெப்பநிலை அங்கே மின்விசிறியின் வேகம் என்று தெரிந்தது. ராத்திரி 2 மணிக்கு அலாரம். 140 கார்டுக்கும் நேரில் போய் ஃபர்ம்வேர் மாற்றினேன். அந்த வருஷம் பிள்ளையார் நோன்புக்குக்கூட ஊருக்கு வர முடியவில்லை.

அதற்கு மேலே உள்ள 1.3.6.1.4 கிளைக்கு 'பிரைவேட்' என்று பெயர் இருப்பதுதான் ஏமாற்றுகிறது. 10-இல் தொடங்கும் ஐபி முகவரியை யாரும் உள்ளுக்குள் வைத்துக்கொள்ளலாம், இது அப்படியில்லை. ஒவ்வொரு எண்ணும், இணைய எண்களை ஒதுக்கும் ஐயானா அமைப்பில் ஒருவர் பெயரில் பதிவானது. "1.3.6.1.3 பரிசோதனைக்குத்தானே" என்று யாரும் கிளம்ப வேண்டாம், அதற்கும் ஒதுக்கீடு உண்டு. 32473 என்ற என்டர்பிரைஸ் எண் ஆவணங்களில் உதாரணம் காட்ட மட்டும்.

எங்கள் பக்கம் பேரனுக்கு ஐயா (தாத்தா) பெயர்தான். ஊருக்குப் பத்து சிதம்பரம், பத்து வள்ளியப்பன். பர்மாவில் கடை வைத்தபோது விலாச எழுத்துகளை (குடும்பத்தின் முதலெழுத்துகளை) வைத்துத்தான் எந்தக் கடை என்று தெரிந்தது. அடுத்தவர் விலாசத்தில் பற்றுவரவு எழுத யாருக்கும் மனம் வராது. நான் செய்தது அதைத்தான்.

அடுத்தவர் பெயரை எடுப்பது பற்றிச் சொல்ல வந்ததால் இதையும் சொல்கிறேன். எங்கள் காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்னும் எங்கோ விசைத்தறியில் ஓட்டியதைக் கண்டாங்கி என்று விற்கிறார்கள். தறியில் உட்கார்ந்து நெய்பவரின் கூலி அதில் போகிறது. வயிறு எரிகிறது.

எஸ்என்எம்பியை விட்டு, கருவியின் அமைப்புகளையும் நிலையையும் விவரிக்கும் யாங் மாடலுக்குப் போனாலும் இதே கதைதான். இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் வெளியிட்ட இன்டர்ஃபேஸ் மாட்யூலைத் திறந்து அதற்குள் உங்கள் லீஃப்பை (ஒரு மதிப்பைத் தாங்கும் புலத்தை) செருகாதீர்கள். தனி மாட்யூல், உங்கள் டொமைனில் நேம்ஸ்பேஸ் (மாட்யூலின் தனி அடையாளப் பெயர்), அதிலிருந்து ஆக்மென்ட் (மூலத்தைத் தொடாமல் வெளியிலிருந்து சேர்ப்பது). மூல மாட்யூலுக்குப் புதுப் பதிப்பு வந்தால் உங்கள் சேர்க்கை அதோடு அழியாது.

ஐயானாவில் என்டர்பிரைஸ் எண் வாங்கக் காசு கிடையாது, சின்னப் படிவம்தான். ஒரு நிறுவனத்துக்கு ஓர் எண் போதும். அதன்கீழ் எத்தனை கருவிக்கும் நீங்களே கிளை பிரிக்கலாம். தொடர்புக்கு ஒரு ஆளின் சொந்த மின்னஞ்சலைக் கொடுக்காமல் அலுவலகப் பொது முகவரியைக் கொடுங்கள். அவர் வேலையை விட்டுப் போனபின் திருத்தம் செய்ய அலைய வேண்டியிருக்காது.