திருவிழா இல்லாத நாளில் மடுவுக்குப் போங்கள்

மன்னார் மாவட்டக் காட்டுக்குள் இருக்கும் கத்தோலிக்கத் திருத்தலமான மடு மாதா கோயிலைப் பற்றி வவுனியாவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "நாங்கள் சைவக்காரர். அம்மா 90களில் இடம்பெயர்ந்து மடுக் கோயில் வளவில் இருந்தவ. இப்ப முழங்கால் வருத்தம். ஒருக்கா மாதாவைப் பார்க்க வேணும் எண்டு நிக்கிறா. ஆவணித் திருவிழாவுக்குக் கூட்டிப்போகலாமா? உள்ளே எப்படி நடந்துகொள்ள வேணும்?"

ஆவணித் திருவிழாவுக்கு வேண்டாம். ஓகஸ்ட் 15 அன்று அங்கே லட்சக்கணக்கில் சனம். பீடத்துக்குக் கிட்டப் போவதற்குள் அம்மா களைத்துவிடுவார். ஜூலை 2 திருவிழாவிலும் நெரிசல்தான். மாரி மழை ஓய்ந்த பிறகு, மாசி பங்குனியில், ஒரு சாதாரண வார நாளில் போங்கள். அம்மா தான் இருந்த இடத்தைத் தேடுவார். எந்த மரத்தடி, எந்தப் பக்கம் தண்ணீர் அள்ளியது என்று நின்று நின்று பார்ப்பார். அதற்கு ஒரு முழுக் காலை வேண்டும்.

ரயிலை நினைக்காதீர்கள். மன்னார் பாதை மதவாச்சியில் பிரிவதால் உங்களுக்குச் சுற்று. மன்னார் பஸ் பறையனாலங்குளம் வழியாக மடுச் சந்திக்கு வரும், அங்கிருந்து காட்டுப் பாதையில் ஆட்டோ. அம்மாவின் முழங்காலுக்கு வீட்டிலிருந்தே வாகனம் பிடிப்பதுதான் நல்லது. யானை நடமாடும் காடு, பொழுதுபட முன் திரும்பிவிடுங்கள்.

நீங்கள் சைவக்காரர் என்று யாரும் தடுக்க மாட்டார்கள். சைவரும் சிங்கள மக்களும் காலங்காலமாக வருகிற இடம் அது. செருப்பை வாசலில் கழற்றுங்கள், தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு போதும். தேங்காய், கற்பூரம் தேவையில்லை. பூவும் மெழுகுதிரியும் கொண்டுபோகலாம். பூசை நடந்தால் பின் வாங்கில் இருங்கள். எல்லோரும் முழந்தாளிடும்போது அம்மா இருந்தபடியே கும்பிடலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பூசையில் கொடுக்கும் அப்பமான நற்கருணையை வாங்க வரிசை போகும்போது நீங்கள் எழும்ப வேண்டாம். அதைக் கோயில் பிரசாதம்போல நினைத்துக் கை நீட்டிவிடுகிறவர்கள் உண்டு. அது கத்தோலிக்கருக்கு மட்டும் உரியது. பூசை நேரத்தில் படமும் எடுக்காதீர்கள். நேர்த்திக்காக முழங்காலில் நகர்ந்து பீடத்துக்குப் போகிறவர்களை எப்போதுமே படம் பிடிக்க வேண்டாம்.

போர்த்துக்கீசர் கட்டிய கோயில் என்று பலர் சொல்வார்கள். இப்போது நிற்கும் கட்டடம் ஆங்கிலேயர் காலத்தது. யாழ்ப்பாணத்தில் ஆயராக இருந்த பொன்ஜீன் ஆண்டகை 1872இல் தொடங்கிவைத்தார், 1944இல்தான் அபிஷேகம் நடந்தது. உள்ளே இருக்கும் மாதா சொரூபத்தின், அதாவது சிலையின், கதை அதைவிடப் பழையது. 1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்துக் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தார்கள். மாந்தையில் இருந்த மாதா சொரூபத்தை 20 குடும்பங்கள் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் ஓடி, 1670இல் மருதமடுவில், அதாவது இன்றைய மடுவில், வைத்தார்கள் என்பது மரபு. அந்த மாந்தைதான் உங்கள் அம்மா தேவாரத்தில் அறிந்த மாதோட்டம், திருக்கேதீச்சரம் இருக்கும் ஊர். அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள்.

அதே சொரூபமா இப்போதும் இருக்கிறது என்று அம்மா கேட்கக்கூடும். அதேதான். 2008 ஏப்ரலில், சண்டை கிட்ட வந்தபோது, வடக்கே கடலோரத்தில் உள்ள தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஆண்டு ஆவணியில் திரும்பி வந்தது. 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் மடுவுக்கு வந்தபோது அந்தச் சொரூபத்தை ஏந்திச் சனத்தை ஆசீர்வதித்தார்.

கடினமான விடயம் ஒன்றும் இருக்கிறது. 1999 நவம்பர் 20 இரவு கோயில் வளவில் ஷெல் விழுந்து, தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 40 பேரளவில் இறந்தார்கள். உங்கள் அம்மா அப்போது அங்கே இருந்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. போகுமுன் வீட்டில் வைத்தே மெதுவாகக் கேளுங்கள். இருந்தவரானால், கூட யாராவது அவர் வயதுக்காரரையும் கூட்டிப்போங்கள். உள்ளே போய் அவர் பேசாமல் இருந்தால் இருக்கட்டும். "போவமா அம்மா" என்று நீங்கள் அவசரப்படுத்தாதீர்கள்.

மடு மண்ணை ஒரு பிடி எடுத்துத் துணியில் முடிவது வழக்கம். பாம்புக்கடிக்கு அது மருந்து என்ற நம்பிக்கை வன்னியில் ஊறிப்போனது. அம்மா ஆசைப்பட்டால் எடுக்கட்டும், சாமி அறையில் வைக்கட்டும். ஆனால் பாம்பு கடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத்தான்.