பார்த்துக்கொள்ளும் வேலைக்கு லீவு கேட்கலாமா?

அன்புள்ள ஆலோசகருக்கு,

கோத்தகிரி பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கு 46 வயது, மாமியாருக்கு 74. முப்பது வருஷம் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். 14 மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது, எதைக் கேட்டாலும் ‘சரி, சரி’ என்று மட்டும் வரும். நானும் கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்தேன், அன்றோடு நின்றுவிட்டேன். வீட்டுக்காரருக்குத் தேயிலை ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. கொழுந்தனார் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், நாத்தனார் மேட்டுப்பாளையத்தில். தீபாவளிக்கு வந்தார்கள், அழுதுவிட்டுப் போனார்கள்.

ராத்திரியில் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து புரட்டிப் படுக்கவைக்கிறேன். காலையில் ஸ்வெட்டர் மாட்டும்போது தினமும் கத்துகிறார், இடது கையால் அடிக்கிறார். போன வாரம் அந்தக் கையை நான் உதறித் தள்ளிவிட்டேன். கட்டில் விளிம்பில் பட்டு முழங்கையில் தோல் உரிந்துவிட்டது. ‘இவர் போய்ச் சேர்ந்தால் தேவலை’ என்றுகூட நினைப்பு வருகிறது. மாதத்தில் இரண்டு நாள் யாராவது வந்து மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் ஆள் வைக்கப் பணம் கொடுங்கள் என்று கேட்டேன். “பெத்தவளைப் பாக்கக் கூலி கேக்கறீங்களா அண்ணி?” என்றார் நாத்தனார். நான் கெட்டவளா?

— ஒரு மருமகள்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தக் கத்தலைப் பார்ப்போம். பக்கவாதம் வந்த பக்கத்தில் தோளைப் பிடித்து நிறுத்தும் தசைகள் தளர்ந்துவிடும். கையின் கனத்தில் எலும்பு மூட்டிலிருந்து லேசாகக் கீழே இறங்கும். அந்தக் கையை இழுத்தாலோ மேலே தூக்கினாலோ தாங்க முடியாத வலி. பேச்சு இருந்தால் ‘வலிக்குது’ என்று சொல்லிவிடுவார். அது வராததால் வேலை செய்கிற கையால் சொல்கிறார். பிசியோதெரபிஸ்ட் தோளைப் பார்த்தாக வேண்டும். ஆனால் ஸ்வெட்டர் மாட்டும் முறையை நாளைக்கே மாற்றலாம். முன்பக்கம் முழுக்கத் திறக்கிற ஸ்வெட்டராக எடுங்கள். அதன் கைப்பகுதியைச் சுருட்டி உங்கள் கையில் வளையல்போல் கோத்துக்கொண்டு, வலது கை விரல்களைப் பிடித்து, முழங்கை வழியாகத் தோள்வரை துணியை ஏற்றுங்கள். துணிதான் நகர வேண்டும், கை நகரக் கூடாது. இடது கை அப்புறம். கழற்றும்போது இடது கை முதலில், வலது கை கடைசியில். தூக்கி உட்காரவைக்கும்போது அக்குளில் கை கொடுக்கவே கூடாது.

நீங்கள் கையைத் தள்ளியது தவறுதான், உங்களுக்கே தெரியும். அந்தக் காயத்தைச் சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள். உரிந்த தோலை வெட்டாமல் படியவைத்து, ஒட்டாத கட்டு போடுங்கள், நர்ஸிடம் காட்டுங்கள். அத்தையிடம் மன்னிப்புக் கேளுங்கள். பதில் சொல்ல வராதே தவிர, குரலின் கனிவு போய்ச் சேரும். இனி ஆத்திரம் தலைக்கேறினால், அவரை விழாதபடி படுக்கவைத்துவிட்டு 10 நிமிடம் வெளியே வந்துவிடுங்கள். ‘போய்ச் சேர்ந்தால் தேவலை’ என்ற நினைப்பு, வருஷக்கணக்கில் படுக்கையாளரைப் பார்க்கிறவர்களில் பலருக்கும் வருவதுதான். இந்த வேலை ஓயாதா என்று உடம்பு கேட்கிறது. ஆனால் அவருக்கோ உங்களுக்கோ தீங்கு செய்துகொள்ளும் யோசனையாக அது மாறினால் விடியும்வரை காத்திருக்காதீர்கள், 14416 எண்ணில் டெலி மானஸ் மனநல உதவியை அழையுங்கள்.

இப்போது நாத்தனார் சொன்னதற்கு வருகிறேன். 12 தடவை புரட்ட, ஒவ்வொன்றும் 10 நிமிடம் என்றால் 2 மணி நேரம். நிமிர்த்தி உட்காரவைத்து, புரையேறாமல் மூன்று வேளை ஊட்ட 2 மணி நேரம். ஐந்து தடவை சுத்தம் செய்ய 1 மணி 40 நிமிடம். உடம்பு துடைக்க, கைகால் அசைக்க 1 மணி 15 நிமிடம், துணி துவைக்க 1 மணி நேரம். மொத்தம் 7 மணி 55 நிமிடம். முழு ஷிஃப்ட் அது, வார விடுமுறையும் இல்லை. உங்கள் வீட்டுக் கணக்கை ஒரு வாரம் நோட்டில் குறித்து, கணவரையும் உட்காரவைத்து மூவரிடமும் காட்டுங்கள்.

‘பெத்தவளை’ என்றாரே, பெற்றது அவர்கள் மூவரைத்தான். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் மகன், மகள், பேரன், பேத்தி என்றுதான் சொல்கிறது. மருமகள் அந்தப் பட்டியலில் இல்லை. பேசித் தீராவிட்டால் அத்தை பெயரில் குன்னூர் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். அவரே தீர்ப்பாயத்தின் தலைவர். அத்தையால் முடியாததால், அவர் பெருவிரல் ரேகை வைத்து ஒருவருக்கு அதிகாரம் கொடுத்தால் போதும். முதலில் சமரசம் பேசுவார்கள். 90 நாளில் முடிக்க வேண்டும். மாதம் 10,000 ரூபாய்வரை உத்தரவிடலாம், மருத்துவச் செலவும் அதில் அடக்கம்.

ஆனால் உறவுகளை மட்டும் மடக்கினால் தீருகிற விஷயமல்ல இது. திருப்பூர்ச் சம்பளத்தில் இரண்டு குடும்பம் நடக்காது. ஜெர்மனியில் 1995 முதலும், ஜப்பானில் 2000 முதலும், தென்கொரியாவில் 2008 முதலும் நீண்டகாலப் பராமரிப்புக்கென்றே சமூகக் காப்பீடு இருக்கிறது. ஜப்பானில் 40 வயதிலிருந்து எல்லோரும் சந்தா கட்டுகிறார்கள். முதியவரின் நிலையை 7 படிகளில் அளந்து, வீட்டுக்கு ஆள், பகல் மையம், சில நாள் தங்கல் என்று தருகிறார்கள். பிள்ளை இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. ஜெர்மனியில் வீட்டிலேயே பார்த்துக்கொள்கிற குடும்பத்தினருக்காகக் கையில் பணமும் உண்டு, அவர்கள் பெயரில் ஓய்வூதியச் சந்தாவும் உண்டு. உங்கள் நாத்தனார் ‘கூலி’ என்று இழிவாகச் சொன்னதை அங்கே உரிமை என்று எழுதிவைத்திருக்கிறார்கள். நம் அரசியலமைப்பின் 41ஆவது பிரிவு முதுமையில் அரசு உதவி என்கிறது, ஆனால் அதைக் காட்டி நீதிமன்றத்தில் கேட்க முடியாது. 70 வயது தாண்டியவர்களுக்கான 5 லட்சம் ரூபாய்க் காப்பீடும் ஆஸ்பத்திரிப் படுக்கைக்குத்தான், வீட்டுக் கட்டிலுக்கு இல்லை.

இருப்பதையாவது விடாமல் வாங்குங்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில், மக்களைத் தேடி மருத்துவம் பட்டியலில் அத்தை பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். பிசியோதெரபிஸ்ட்டும் நோய்த்தணிப்பு நர்ஸும் வீட்டுக்கே வரவேண்டும் என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள், பிரஷர் மாத்திரையோடு நின்றுவிட வேண்டாம். ஊட்டியில் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் ஊனச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். 75 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு வழி உண்டு. படுத்த படுக்கை, நேரில் அழைத்துவர முடியாது என்பதை விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். குழப்பம் இருந்தால் 14567 முதியோர் உதவி எண்ணில் கேளுங்கள். அடுத்த கிராம சபையில், படுக்கையில் இருப்பவர்களின் கணக்கெடுப்பும் பகல்நேரப் பராமரிப்பு இடமும் வேண்டும் என்று தீர்மானமாகவே கேளுங்கள். உங்கள் ஊரில் இப்படி எத்தனை கட்டில் என்று முதலில் எண்ணிக்கொண்டு போங்கள்.

உங்கள் தூக்கத்துக்குக் காற்று மெத்தை உதவும். தோல் சிவக்காமல் இருந்தால், நர்ஸைக் கேட்டு, இரவில் புரட்டும் இடைவெளியை நீட்டலாம். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் புண் தொடங்கிவிட்டது, அங்கே தேய்க்கக் கூடாது. மழைக்காலத்தில் கரண்ட் போனால் மெத்தை அமுங்கிவிடும். அடியில் கனமான பஞ்சு மெத்தை இருக்கட்டும், பழைய இடைவெளிக்குத் திரும்புங்கள்.

நாத்தனாரிடம் மாதம் இரண்டு நாள் என்று பொதுவாகக் கேட்காமல், சனி மாலையிலிருந்து திங்கள் காலைவரை என்று தேதி போட்டுக் கேளுங்கள். மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர்தான். புரட்டும் நேரம், மாத்திரை, கஞ்சியின் பதம் எல்லாம் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். குளிருக்கு வெந்நீர்ப் பையை வலது பக்கம் வைக்கக் கூடாது, உணர்ச்சி குறைந்த தோல் வெந்தாலும் அவருக்குத் தெரியாமல் போகலாம். கரிக் கணப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தக் கூடாது, புகை தெரியாமலே உயிரை எடுக்கும். இந்த இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். அவர் வந்ததும் ஸ்வெட்டர் மாட்டும் முறையை ஒருமுறை காட்டிவிட்டு, வேறு வீட்டில் போய்ப் படுங்கள். அதே கூரையின் கீழ் படுத்தால் ஒவ்வொரு முனகலுக்கும் நீங்கள்தான் எழுந்திருப்பீர்கள்.